சின்னராசு கட்டிங்

“கல்பாக்கம் தாண்டி, ஆத்துப்பாலம் தாண்டி நேரா வா. லெப்ட்ல ஒரு பெட்ரோல் பங்க் வரும். அத்த தாண்டினா ரைட்ல சின்னராசு கட்டிங்னு…”

பாலா பாதியில் நிறுத்தினான். பந்தலின் கடைசிக் கம்பத்தைக் குழியில் இறக்கி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்த சின்னராசுவை அவன் அப்போதுதான் பார்த்தான். போன் காதிலேயே இருந்தது. “எந்தக் கட்டிங்? எந்தக் கட்டிங்?” என்று அந்தப் பக்கம் கேட்பது சின்னராசுவுக்கே கேட்டது.

“கட்டிங்தான்பா. ஒரே கட்டிங்தான் கீது. வா.” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாலா தண்ணீர் கேன் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனான்.

சின்னராசு தலை நிமிரவில்லை. இறுகிவிட்ட மண்ணையே இன்னும் நாலு மிதி மிதித்தார். காலையிலிருந்து இது மூன்றாவது ஆள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும் எல்லோரும் அவர் பெயரில் வந்து இடறி, அவர் எங்கே இருக்கிறார் என்று சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

இறந்தது அவர் தம்பி ஜெபசிங். நாற்பத்தொரு வயது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். பாலா அங்கே அவனோடு வேலை பார்ப்பவன். நேற்று, வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு, நைட் ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்த ஜெபசிங்கை, வீட்டுக்கு நூற்றைம்பது அடி தூரத்தில், பாண்டிச்சேரிக்குப் போகிற ஒரு கார் பின்னால் வந்து அடித்தது. அடித்த இடம்தான் அந்தக் கட்டிங்.

கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கியபோது நடுவே தடுப்பு கட்டிவிட்டார்கள். இலந்தமேடு காலனி சாலைக்கு மேற்கே இருக்கிறது. சர்ச்சும் கல்லறைத் தோட்டமும் பஸ் நிறுத்தமும் கிழக்கே. வண்டி திரும்ப வடக்கே ஒன்றே முக்கால் கிலோமீட்டரில் ஒரு யூ-டர்ன், தெற்கே இரண்டு கிலோமீட்டரில் இன்னொன்று. வாசலில் நின்றால் தெரிகிற சர்ச்சுக்கு வண்டியில் போக மூன்றரை கிலோமீட்டர். இந்தத் திட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாராக இருந்தாலும், பின்சீட்டில் பெண்டாட்டியையும் மடியில் அரிசிப் பையையும் வைத்துக்கொண்டு டூவீலரில் போகிறவராக இருந்திருக்க மாட்டார்.

இருந்தாலும் முதல் ஆறு மாதம் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சுற்றித்தான் போனார்கள். பிறகு சின்னராசுவின் அப்பா ஆபிரகாம் இறந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தவர்கள் தடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். இடுப்பளவு கான்கிரீட். வேன் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தைதான் சின்னராசுவுக்கு வேகத்தைக் கொடுத்தது. ஒரு காலத்தில் காலனிப் பிணம் தார்ரோட்டில் போகக்கூடாது. ஊர்க்காரர்கள் கம்போடு நிற்பார்கள். வாய்க்காலில் இறங்கித்தான் போகவேண்டும். ஐப்பசியில் கழுத்தளவு தண்ணீரில் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆபிரகாமும் இன்னும் நாலு பேரும்தான் அடிபட்டு, ஸ்டேஷனில் உட்கார்ந்து, கடைசியில் ஆபிரகாமின் அம்மாவை அந்த ரோட்டின்மேல் தோளில் கொண்டுபோனவர்கள். அந்த மனிதருடைய பெட்டி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது.

“நம்ம பொணம் சுத்திகினு போவாது” என்றார் சின்னராசு. அவர் பொக்லைன் ஆபரேட்டர். வண்டி பக்கத்து மனையில்தான் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, பத்து நிமிஷத்தில் தடுப்பில் ஆறடி அகலத்துக்கு இடித்து எடுத்துவிட்டார். பெட்டி ஒன்று, இரண்டு பக்கமும் தூக்குகிறவர்கள், அவ்வளவுதான் அவருடைய அளவு. ஆபிரகாம் நேராகப் போனார்.

மறுநாளே அந்த இடைவெளியில் ஒரு பைக் போனது. அடுத்த வாரம் எல்லாப் பைக்கும் போயின. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து இரண்டு தடவை மூட வந்தார்கள். இரண்டு தடவையும் காலனியும் ஊரும் சேர்ந்து போய் மறித்தன. கம்போடு நின்றவர்களின் பிள்ளைகளும் வாய்க்காலில் நடந்தவர்களின் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்றது சரித்திரத்திலேயே அதற்காக மட்டும்தான். ஊர்த் தரப்பில் நெல் வியாபாரம் செய்கிற அருணகிரி முன்னால் நின்றார், காலனித் தரப்பில் சின்னராசு. பிறகு ஷேர் ஆட்டோக்காரர்கள், “சின்னராசு கட்டிங் யாருப்பா, எறங்கு” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்போன் மேப்பில்கூட யாரோ அந்தப் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஜெபசிங்தான் அதை அண்ணனுக்குக் காட்டினான். சின்னராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பொய் சொல்வானேன், அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு உடல் வந்தது. ஆம்புலன்ஸ் ஆறடி இடைவெளியில் நுழையாது; தெற்கே யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஜெபசிங் ஒழுங்கான வழியில் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும் என்று சின்னராசு நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகு அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆரம்பித்தன. வந்தவர்கள் எல்லோரும் தம்பியின் சாவுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

“ரா முழுக்க கண்ணு முழிச்சிட்டு வண்டி ஓட்டினா இன்னா ஆவும்?” என்றார் ஒருவர்.

“ஹெல்மெட்டு போட்டுகினுதான் இருந்தான். கிளிப்பு மாட்டல. அது தனியா போய் விழுந்துச்சு. ஒரு கீறல் இல்ல அதுல.”

“செக்கிங் தாண்டினா எவன் மாட்றான் கிளிப்பு? நீ மாட்றியா?”

“கார்க்காரன் நூத்தி முப்பதுல வந்தானாம். சனி ஞாயிறுக்கு வெள்ளிக்கெழமயே கெளம்பிடறானுங்க.”

எல்லாமே உண்மைதான். எதையும் மறுக்க முடியாது. தூக்கம் உண்மை, கிளிப்பு உண்மை, வேகம் உண்மை. ஒவ்வொருவரும் தன் காரணத்தைச் சொல்லிவிட்டு சின்னராசுவின் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தார்கள். மிச்சமிருந்த ஒரு காரணத்தை யாரும் தொடவில்லை.

அந்தக் காரணத்தை நேற்றே அவர் டேப் வைத்து அளந்திருந்தார். போலீஸ் போன பிறகு, யாரும் பார்க்காதபோது போய் அளந்தார். நடுத்தடுப்பின் கனம் நாலடி. தம்பியின் பைக் ஆறடி எட்டு அங்குலம். அந்த இடைவெளியில் ஒரு வண்டி நின்றால் ஒன்று முன்சக்கரம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பின்சக்கரம் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அது கார்கள் வேகமாகப் போகிற லேன். ஜெபசிங் தவறு செய்யவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு லாரி வந்தது, அது போகட்டும் என்று நின்றான். நின்றதால் செத்தான். அன்றைக்குப் பொக்லைனில் ஏறியபோது சின்னராசு அளந்தது பெட்டிக்கு மட்டும்தான்.

இதற்கு முன்னாலும் அங்கே ரத்தம் விழுந்திருக்கிறது. செய்யூர்ப் பக்கத்திலிருந்து பார்சல் கொண்டுவந்த ஒரு பையன் போன வருஷம் செத்தான். அருணகிரியின் அக்கா மகன் ஹரிகிருஷ்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போதும் வேகம் என்றார்கள், போன் பேசினான் என்றார்கள். சின்னராசுவும் அப்படித்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

உள்ளே, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் தம்பி மனைவி மார்கரெட் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. வேறு யாரோடும் அதிகம் பேசவில்லைதான். ஆனால் மற்றவர்கள் எதிரே வந்தால் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வந்தால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். அவர் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொடுக்க ஒருமுறை, கையெழுத்து வாங்க ஒருமுறை, ஏதும் சாப்பிடச் சொல்ல ஒருமுறை போனார். மூன்று முறையும் கண்ணாடி துடைக்கப்பட்டது. அவளுடைய வாயிலிருந்து வரப்போகும் முதல் வார்த்தைக்கு அவர் பயந்தார்.

பயம் அது மட்டுமல்ல. பந்தலில் உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் சாலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பைக் கட்டிங்கில் வந்து நிற்கும். பின்னால் வருகிற கார் நீளமாக ஹாரன் அடிக்கும். பிறகு பைக் இறக்கத்தில் இறங்கி வந்து பந்தல் ஓரம் நிற்கும். மாலையும் கையுமாக ஒருவர் இறங்குவார். ஒவ்வொரு ஹாரனுக்கும் சின்னராசு திரும்பிப் பார்த்தார். சாவுக்கு வருகிறவர்கள், செத்தவன் செத்த அதே இடத்தில், அவனைப் போலவே நின்று வந்தார்கள். அவன் ரத்தத்தின்மேல் போட்ட மணல் இன்னும் அங்கே கிடந்தது. அதைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு மணிக்கு அவர் மனைவி ஹெலன் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பிரிசில்லா எங்க?” என்றார். தம்பியின் ஒரே மகள். செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம்.

“சதுரங்கப்பட்டினத்துல அவ சித்தி வந்து எறங்கி கீறாளாம், பிரபாவதி. அங்கேந்து பஸ்ஸு இல்லன்னு போன் பண்ணா. நான் போய் இட்டாறேன்னு இவ ஸ்கூட்டிய எடுத்துகினு பூட்டா.”

“நீ சும்மா இருந்தியா?”

“யாரு சொல்லி கேக்கறா அவ? பெட்டிகிட்ட உக்கார முடியல பெரிம்மான்னா. நானும் வுட்டுட்டேன்.”

சின்னராசு எழுந்து சாலைக்குப் போனார். சனிக்கிழமை. பாண்டிச்சேரி போகிற கார்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. கண்ணாடி ஏற்றிய கார்கள், கூரைமேல் பலகை கட்டிய கார்கள், உள்ளே பாட்டு. வெயில் தாரில் கொதித்தது. அவர் இந்த ஓரத்தில் நின்றுகொண்டு வடக்கே பார்த்தார். இருபது நிமிஷம் நின்றார். ஒவ்வொரு ஸ்கூட்டரும் அவளுடையதாகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறு யாருடையதோ ஆனது.

கடைசியில் வந்தாள். பின்சீட்டில் பிரபாவதி, மடியில் பை. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, கட்டிங்கில் நுழைத்து நிறுத்தினாள். மேற்குப் பக்கச் சாலை காலியாக இருந்தது. கண்ணுக்கு எட்டின வரை ஒரு வண்டி இல்லை. அவள் வரலாம். அவள் வரவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஸ்கூட்டரின் பின்சக்கரமும் பிரபாவதியின் முதுகும் அந்த லேனுக்குள் இருந்தன. வடக்கேயிருந்து ஒரு பஸ் வந்தது. சின்னராசு கையை ஆட்டினார். பஸ் ஹாரனை அமுக்கியபடியே அவர்களை ஒட்டிப் போனது. பிரபாவதியின் முந்தானை காற்றில் தலைக்குமேல் எழுந்து விழுந்தது. பிரிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு கார் போகும்வரை நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

“இன்னா பண்ற நீ? ரோடு காலியாத்தான கெடந்துச்சு?” அவர் ஸ்கூட்டரின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா இப்டிதான நின்னுகினு இருந்தாரு, பெரிப்பா?” அவள் அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். “நின்னு பாத்தேன். பின்னாடி எடமே இல்ல.”

“எறங்கும்மா” என்று பிரபாவதி அவள் தோளைப் பிடித்தாள். “எனக்கு ஒடம்பெல்லாம் ஆடுது. இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அங்க நிறுத்துச்சுன்னே தெர்ல.”

“தெனம் காலேஜ் வுட்டு இப்டிதான் வரேன்” என்றாள் பிரிசில்லா. “இனிமேட்டும் இப்டிதான வரணும் பெரிப்பா?”

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனாள். சின்னராசு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மணலைப் பார்த்தார். இடித்த கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார். மூன்று வருஷ வெயிலிலும் உப்புக் காற்றிலும் கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்திருந்தது. இது இன்னும் ஒருவரை எடுக்கும் என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஜான்சன் வந்தான். சித்தப்பா மகன். காலனியில் நல்லது கெட்டது எல்லாம் அவன் கையில்.

“பாஸ்டரு நாலு மணிக்கு ஜெபம் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு அண்ணாத்த. குழி ரெடி. நால்ரைக்கு எடுத்தா அஞ்சுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அஞ்சுக்குள்ள முடியாது. கட்டிங் வழியா வோணாம்.”

“இன்னாது?”

“சுத்திகினு போலாம். வடக்கால போய் யூ-டர்ன்ல திரும்பி வரலாம்.”

ஜான்சன் சிரிக்கலாமா என்று யோசிப்பவன்போல் பார்த்தான். பக்கத்து நாற்காலிகளில் பேச்சு அடங்கியது. இரண்டு நாளாக யாரும் தொடாமல் வைத்திருந்த விஷயத்தை அவரே தூக்கி நடுவில் போட்டுவிட்டார்.

“மூணரை கிலோமீட்டரு அண்ணாத்த. யாரு தூக்கறது இந்த வெயில்ல? வேன் வெக்கணும்னா சொல்லு.”

“வேன் வோணாம். தோள்லதான் போவணும். மாத்தி மாத்தி தூக்கலாம்.”

“நம்ம பொணம் சுத்திகினு போவாதுன்னு யாரு சொன்னது?” ஜான்சனின் குரல் ஏறியது. “பெரிப்பா பொட்டிய ரோட்ல வெச்சுகினு சொன்னது நீதான? அப்பறம் நாலு சாவு ஆச்சு நம்ம காலனில, நாலும் அதுவழியாதான் போச்சு. இன்னிக்கி உன் தம்பிய சுத்தி இட்டுகினு போறேன்ற. பாக்கறவன் இன்னா நெனப்பான்? பழையபடி இவனுங்கள வாய்க்கால்ல எறக்கிட்டாங்கன்னு நெனப்பான்.”

ஜான்சன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் கஷ்டம். அப்பா அடிபட்டு வாங்கிய ரோடு அது.

மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அருணகிரி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். “சின்னராசு, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. நீயே சுத்திகினு போனேன்னு வெச்சுக்க, அத்தயே சாக்கா வெச்சு ஹைவேஸ்காரன் நாளைக்கே வந்து மூடிடுவான். எங்க ஊர்ப் பசங்க ஸ்கூலுக்குப் போவணும். நெல்லு மூட்ட போவணும். ரெண்டு ஊருக்கும் பேஜாரு.”

“ஹரிகிருஷ்ணன் எப்டி கீறான்?” என்று கேட்டார் சின்னராசு.

அருணகிரி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“அவனுக்கு அப்டி ஆனப்ப போன் பேசிகினு வந்தான்னு சொன்னேனே, அது பொய்யி. நான் பாக்கல. சும்மா சொன்னேன்.” சின்னராசு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். “அந்த எடத்துல வண்டி நிக்காது. நிக்க எடமில்ல. நேத்து அளந்து பாத்தேன். நான் இடிச்சது பொட்டிக்குதான், வண்டிக்கு இல்ல. அது என் தப்பு.”

பந்தலின் துணி காற்றில் படபடத்தது. சாலையில் நீளமாக ஒரு ஹாரன். எல்லோருமே திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, ஒரு பைக் இறங்கி வந்துகொண்டிருந்தது.

“மாமா.”

மார்கரெட் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பிரிசில்லா. இரண்டு நாளில் அவள் அவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சின்னராசு எழுந்து நின்றார்.

“எவ்ளோ தூரம் சொன்னீங்க?”

“மூணரை கிலோமீட்டரும்மா.”

அவள் யோசித்தாள். “அந்த ஆளுக்கு எந்நாளும் அவசரம்தான். சோத்தக்கூட நின்னுகினேதான் துன்னுவாரு. இன்னிக்கி ஒரு வேலயும் இல்ல அவருக்கு. சுத்திகினே போவட்டும்.”

“மார்கரெட்டு…” என்று ஜான்சன் ஆரம்பித்தான்.

“சுத்திகினே போவட்டும்.” பிறகு அவள் சின்னராசுவைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். “நான் உங்கள ஒண்ணும் சொல்லல மாமா. சொல்லலன்றதால நெனக்கலன்னு இல்ல.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சின்னராசு தலையை ஆட்டினார், அவள் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். அடி விழுந்துவிட்டது. இனி விழப்போகிற பயம் இல்லை.

நாலரைக்கு எடுத்தார்கள். எட்டுப் பேர் தூக்க, இன்னும் எட்டுப் பேர் மாற்றுக்கு. சின்னராசு முன்பக்கத்து இடது தோள். அதை அவர் மாற்றவே விடவில்லை. சாலைக்கு ஏறி, கட்டிங் நேரே வந்தபோது, தூக்கியவர்களின் கால்கள் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பின. சின்னராசு தோளால் பெட்டியை வடக்கே தள்ளினார். பெட்டி ஒரு கணம் தயங்கித் திரும்பியது.

முதல் ஒரு பர்லாங்குக்கு எழுபது எண்பது பேர் பின்னால் வந்தார்கள். பிறகு பின்னால் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போனது. சின்னராசு திரும்பிப் பார்க்க முடியாது, தோளில் பெட்டி. பாலாதான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: “எல்லாரும் கட்டிங்ல போய் அங்க நிக்கறோம்னு போறாங்கண்ணா. வண்டி எடுத்தவங்க எல்லாம் அப்டியே போறாங்க.”

“நீ?”

“நான் வரேன்.”

வெயில் இறங்கியும் தார் அனல் அடித்தது. கார்கள் வேகத்தைக் குறைக்காமல் பக்கத்தில் போயின. ஒவ்வொன்றும் போகும்போது பெட்டி கொஞ்சம் ஆடியது. ஒரு காரில் பின்கண்ணாடியை இறக்கி ஒரு குழந்தை பார்த்தது, யாரோ கையை நீட்டிக் கண்ணாடியை ஏற்றினார்கள். பெட்டிக்குப் பின்னால் மார்கரெட்டும் பிரிசில்லாவும் ஹெலனும் பாஸ்டரும் நடந்தார்கள். மார்கரெட் செருப்பு போடவில்லை. வெள்ளைக் கோட்டில் நடந்தால் சூடு குறைவு என்று கண்டுபிடித்து அதிலேயே நடந்தாள். யாரும் பாடவில்லை. யூ-டர்னில் ஒரு லாரிக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று வழிவிட்டார்.

திரும்பித் தெற்கே வரும்போது சாலைக்கு அந்தப் பக்கம் தங்கள் வீடுகள் தெரிந்தன. பந்தல், காலி நாற்காலிகள், வாசலில் படுத்திருந்த நாய். ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது சவுக்கு நிழலில் ஐம்பது அறுபது பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சன் குழிக்குப் பக்கத்தில் கயிற்றோடு நின்றான். பெட்டி வந்ததும் எல்லோரும் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள்.

பாஸ்டர் சுருக்கமாக முடித்தார். மண் போட்டார்கள். மார்கரெட் மூன்று பிடி போட்டாள், நாலாவது பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், பிரிசில்லா விரல்களைப் பிரித்துவிட்டாள். சின்னராசு மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மேட்டைத் தட்டி முடித்தார். நிமிர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. வாசல் பக்கம் பைக்குகள் வரிசையாக ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேகமாக நடந்தார். வாசலைத் தாண்டும்போது ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், மூன்றரை கிலோமீட்டர் பெட்டி தூக்கிய காலோடு ஓடினார். பைக்குகள் கிழக்கு ஓரத்தில் நின்று, கார் வரிசையில் இடைவெளிக்குக் காத்திருந்தன. ஜான்சனுடையது முதலில், அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். சின்னராசு அவர்களைத் தாண்டி, இரண்டு கார்களுக்கு நடுவே சாலையில் இறங்கி, கட்டிங்குக்குள் போய் நின்றுகொண்டார். இந்தப் பக்கம் ஒரு உடைந்த கான்கிரீட், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு கையையும் விரித்தால்கூட இரண்டையும் தொட முடியவில்லை. இருந்தாலும் விரித்துக்கொண்டார்.

“அண்ணாத்த” என்று ஜான்சன் கூப்பிட்டான். “வா, வூட்டுக்குப் போலாம். நவுறு.”

அவர் நகரவில்லை.

“எவ்ளோ நேரம் நிப்ப? நாளைக்கும் நிப்பியா? நாளன்னிக்கி வேலைக்குப் போவ மாட்டியா?”

பின்னால் வரிசையில் ஹாரன்கள் அடித்தன. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார், வேறு யாரோ அந்த ஆளை அதட்டினார். சின்னராசுவுக்கு முன்னாலும் பின்னாலும் கார்கள் போயின. ஒவ்வொன்றும் அவரைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனது. நாளைக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

வரிசையின் ஓரத்தில் பிரிசில்லாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மண் போடும்போதே ஹெலன் வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்திருக்க வேண்டும். இப்போது அவள் ஓரமாக நின்றாள். வண்டியில் பிரிசில்லாவும் மார்கரெட்டும். மார்கரெட் வெறுங்காலோடு, பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். சாலைக்கு நடுவே நிற்கிறவரை இரண்டு பேரும் பார்த்தார்கள். பிரிசில்லா தாடைக்குக் கீழே கிளிப்பை மாட்டினாள். மார்கரெட் மகளின் தோளில் கை வைத்து என்னவோ சொன்னாள். ஸ்கூட்டர் வரிசையிலிருந்து விலகி, இடது ஓரமாகவே தெற்கே போனது.

அதன் சிவப்பு விளக்கு கொஞ்ச தூரம் தனியாகத் தெரிந்தது. பிறகு மற்றச் சிவப்பு விளக்குகளோடு கலந்துவிட்டது.

ஜான்சன் என்ஜினை அணைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அணைத்தார்கள். மற்றவர்கள் அணைக்கவில்லை.

சின்னராசு திரும்பி மேற்குப் பக்கச் சாலையைப் பார்த்தார். தெற்கே இரண்டு கிலோமீட்டர், திரும்பி வர இரண்டு கிலோமீட்டர். அவர்கள் அந்தப் பக்கமிருந்துதான் வரவேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயிருந்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, எல்லாம் வேகமாக. அதில் எது அவர்களுடையது என்று அவருக்குத் தெரியவில்லை.